தாம்பரம் தாண்டி நடந்த பெருஞ்சாவு: 'லைஃப் ஆன் அவர் பிளானட்' தொடர் பற்றி

எங்கள் வீட்டு வாசல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருப்பது ஒரு நத்தைக்கல். அப்பா டிப்பர் ஓட்டிய காலத்தில் காரை என்ற ஊர்ப் பக்கம் போனபோது எடுத்து வந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம். சுருளுக்குள் சுருளாக வரி ஓடி, நடுவில் கட்டைவிரல் பதியும் அளவுக்கு ஒரு குழி. அது கல்லாகிப்போன பழங்காலக் கடல் பிராணியின் ஓடு, அதற்கு அம்மோனைட் என்று பெயர் இருப்பதே எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரியும். அரியலூர்க்காரனுக்கு இது பெருமையும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல் முழுக்க ஒரு காலத்தில் கடலடி. கல்லங்குறிச்சிப் பக்கத்துக் கல்லை உடைத்தால் உள்ளே கிளிஞ்சல் கிளிஞ்சலாக இருக்கும். அதைத்தான் லாரி லாரியாக வெட்டி, சுட்டு, சிமெண்டாக மூட்டை கட்டி அனுப்புகிறோம்.

அந்த லாரிகளுக்கு எடை போடுவது என் வேலை. 19 வருஷமாக எடைமேடைக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே இந்தத் தொடரைப் பற்றி நான் எழுதுவதில் ஊர்ப்பாசம் கொஞ்சம் கலந்திருக்கும். வெறும் வண்டி எடையைக் கழித்துக்கொள்வது போல அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

'லைஃப் ஆன் அவர் பிளானட்' நெட்ஃபிளிக்ஸில் 2023 அக்டோபரில் வந்தது. எட்டு பாகம். சில்வர்பேக் ஃபிலிம்ஸ் எடுத்தது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ஆம்ப்ளின் கம்பெனியும் கூட்டு. அழிந்துபோன மிருகங்களைக் கம்ப்யூட்டரில் செய்து கொடுத்தது ஐ.எல்.எம். 1993-ல் ஜுராசிக் பார்க்குக்கு டைனோசர் செய்தார்களே, அதே கம்பெனி. கதை சொல்லும் குரல் மார்கன் ஃப்ரீமேனுடையது. நாங்கள் பார்த்தது ஆங்கிலத்தில்தான், அடியில் ஆங்கில எழுத்தோடு. மாதம் 199 ரூபாய்த் திட்டம் போட்டிருக்கிறேன். அதில் படம் பளிச்சென்று வராது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடலடிக் காட்சிகள் நிறைய. அந்தக் கருநீலத்தில் என்ன அசைகிறது என்று பாதி நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்த்தோம்.

பார்த்தது மூன்று பேர். நான், ஏழாவது படிக்கும் மகள், என் அம்மா. மனைவி முதல் பாகத்தில் வாள்பல் பூனை பாய்ந்ததுமே எழுந்து போய்விட்டாள். "சாயங்கால நேரத்துல ரத்தமும் சதையுமா, இதப் போயி புள்ளைக்குக் காட்டுறீங்களே" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. தொடர் ஆரம்பிப்பதே ஸ்மைலோடான் என்ற அந்தப் பூனையும், பறக்க முடியாத ராட்சதப் பறவைகளும் மோதுவதில்தான். மிருகம் பின்னங்கால் மடக்கிப் பதுங்கும்போது தோளெலும்பு தோலுக்கடியில் ஏறி இறங்குகிறது பாருங்கள், அதில் நான் விழுந்துவிட்டேன். எங்கள் தெருப் பூனை அணிலைப் பார்த்துப் பதுங்கும்போது அதே எலும்பு அதே மாதிரிதான் ஏறும்.

அம்மாவின் முதல் கேள்வி, "இதெல்லாம் எவன்டா படம் புடிச்சான்?"

சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்தத் தொடரைப் பற்றிக் கேட்கவேண்டிய முக்கியமான கேள்வியே அதுதான். இதில் பாதி நிஜம், பாதி செய்தது. பாசி, தட்டான், கடல் பிராணிகள் என்று இன்றைக்கு உயிரோடிருப்பவற்றை நிஜமாகவே காமிராவில் எடுத்திருக்கிறார்கள். அழிந்தவை மட்டும் கம்ப்யூட்டர். இரண்டையும் ஒட்டிய இடம் பல சமயம் தெரியவில்லை. அதனால் அம்மா நிஜத் தட்டானைப் பார்த்து "நல்லா செஞ்சிருக்கான்" என்றாள், ஆர்த்ரோப்ளூரா என்ற ஆளுயர மரவட்டை வந்தபோது, "இது எந்த ஊர்ல இருக்கு?" என்றாள். எது எலும்பு கிடைத்து நிரூபணமானது, எது விஞ்ஞானிகளின் ஊகம், எது டைரக்டரின் ஆசை என்று பிரித்துச் சொல்ல ஒருவரும் இல்லை. மிருகத்தின் நிறம், சத்தம், குட்டியிடம் அது காட்டும் பாசம் எல்லாமே ஒரே உறுதியான குரலில் வருகின்றன. ஃப்ரீமேன் அந்தக் குரலில் பால் கணக்கை வாசித்தாலும் நாம் நம்பிவிடுவோம். அதுதான் சிக்கல்.

சரி, தொடர் சொல்ல வரும் விஷயம் என்ன? இதுவரை பூமியில் இருந்த உயிரினங்களில் நூற்றுக்கு 99 அழிந்துபோய்விட்டன. அதில் ஐந்து தடவை, உலகம் முழுக்க மொத்தமாக வாரிக்கொண்டு போயிருக்கிறது. ஒவ்வொரு அழிவுக்குப் பிறகும் மிச்சமிருந்தது எப்படிப் பெருகியது என்பதுதான் எட்டு பாகத்துக்கும் நூல். முதல் பாகத்திலேயே மூன்று விதி சொல்லிவிடுகிறார்கள். சூழ்நிலைக்குப் பொருந்தியது ஜெயிக்கும், போட்டிதான் உயிர்களை மாற்றும், பூமி ரொம்ப நாள் ஒரே மாதிரி இருக்காது. அப்புறம் தொடர் முழுக்க அரச பரம்பரைக் கதை சொல்லும் தோரணைதான். வம்சம், ஆட்சி, படையெடுப்பு. மூன்றாம் பாகத்தின் தலைப்பே 'இன்வேடர்ஸ் ஆஃப் தி லேண்ட்'. முதன்முதலில் கரையேறிய பிராணி எந்த நாட்டைப் பிடிக்க வந்தது? மார்ச் மாதம் ஏரி வற்றும்போது விரால் சேற்றில் நெளிந்து அடுத்த குட்டைக்குப் போகுமே, அதைப் படையெடுப்பு என்று யாராவது சொல்வார்களா? போதாக்குறைக்கு லோர்ன் பால்ஃபின் இசை, ஒவ்வொரு சண்டைக்கும் முரசு கொட்டுகிறது. நான்காவது சண்டைக்கு மகள் சத்தத்தைக் குறைத்துவிட்டாள்.

நடுப்பகுதிக்கு வந்ததும் என் குறையெல்லாம் கொஞ்ச நேரம் வாயடைத்துப் போயிற்று.

25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்த காலத்தின் முடிவு. இன்றைய சைபீரியாவில் பூமி பிளந்து எரிமலைக் குழம்பு கொட்டுகிறது. நாம் படத்தில் பார்க்கும் எரிமலைபோல ஒரு மலையுச்சியில் இருந்து அல்ல. நிலம் நெடுக வெடிப்பு விட்டு, லட்சக்கணக்கான ஆண்டுகள் விட்டு விட்டு வழிந்தது. கடல்வாழ் இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு போல அழிந்தன. ஐந்து அழிவுகளிலும் பெரியது இதுதான்.

இங்கே நான் படத்தை நிறுத்தி, மகளுக்கு என் பாஷையில் சொன்னேன். குழம்பு மட்டும் வழிந்திருந்தால் சைபீரியா மட்டும்தான் செத்திருக்கும். அது மேலே வந்த வழியில் நிலக்கரிப் படுகையும் சுண்ணாம்புக்கல்லும் உப்பும் இருந்தன. எல்லாவற்றையும் சுட்டுவிட்டது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் என்ன ஆகும்? 30 டன் சுத்தமான கல்லைச் சூளையில் போட்டால் வெளியே வருவது 17 டன்னுக்குள்தான். மீதி 13 டன் எங்கே? கண்ணுக்குத் தெரியாமல் கரியமில வாயுவாகக் குழாய் வழியே மேலே போய்விட்டது. எந்த எடைமேடையிலும் அது ஏறாது. அந்த மாதிரிதான், மலை மலையாகக் கல்லும் கரியும் காற்றாகி ஏறியது. காற்று சூடாகி, கடல் சூடாகி, சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் தங்காமல், மீனும் சிப்பியும் மூச்சுத் திணறிச் செத்தன.

மகள் எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீ எடை போடுற கல்லும் அப்படித்தான் போவுதாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

அதற்கு அடுத்து வருகிறது லிஸ்ட்ரோசாரஸ். தொடரில் எனக்குப் பிடித்த நாயகன் டைனோசர் இல்லை, இந்தப் பிராணிதான். பன்றி அளவு, குட்டைக்கால், ஆமை மூக்கு, அதிலிருந்து இரண்டு கொம்புப் பல். பார்த்ததும் அம்மா, "ஏ, நம்ம பன்னி மாரில்ல இருக்கு!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெரிய பெரிய வேட்டை மிருகமெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, காய்ந்த உலகத்தில் இது மட்டும் மந்தை மந்தையாக அலைகிறது. கதைக்காகச் சொன்னதில்லை. தென்னாப்பிரிக்காவிலும் அண்டார்டிகாவிலும் சீனாவிலும் இதன் எலும்பு கிடைத்திருக்கிறது. இந்தியாவில் வங்காளத்து ராணிகஞ்ச் நிலக்கரிப் பகுதியிலும்தான். அன்றைக்கு இந்த நிலமெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தன, பன்றி நடந்தே போயிருக்கும்.

இந்தப் பிராணிதான் தொடரின் முதல் விதியைக் கவிழ்த்துவிடுகிறது. பொருந்தியது ஜெயிக்கும் என்றீர்களே, லிஸ்ட்ரோசாரஸ் எதற்குப் பொருந்தியிருந்தது? வரப்போகும் நெருப்புக்கு அது ஒத்திகை பார்க்கவில்லை. வளை தோண்டிப் பதுங்கும் பழக்கம் உதவியிருக்கலாம் என்கிறார்கள். அந்தப் பழக்கம் அழிவுக்காக வந்ததா? இல்லை. கையில் இருந்த ஏதோ ஒன்று அன்றைக்குப் பயன்பட்டது, அவ்வளவுதான். எங்கள் பாஷையில் தலையெழுத்து. மறுபக்கம் டைரானோசாரஸைப் பாருங்கள். தன் உலகத்துக்கு அதைவிடப் பொருத்தமாக ஒரு மிருகம் அமைய முடியுமா? ஒரு கல் விழுந்தது, போயிற்று. போட்டி, ஜெயிப்பு, வம்சம் என்று எட்டு பாகமும் பேசுகிற தொடர், தன்னிடம் இருக்கும் நல்ல காட்சிகளையே சரியாகக் கவனிக்கவில்லை என்று எனக்குப் பட்டது.

இன்னொரு பெரிய குறை, காலம். திரையில் எண்கள் வருகின்றன, போகின்றன. கோடி என்ற சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டால் மரத்துவிடுகிறது. தொடர் வேறு முன்னும் பின்னும் தாவுகிறது. மூன்றாம் நாள் மகள், "டைனோசர் முன்னாடியா, இந்தப் பன்னி முன்னாடியா?" என்று கேட்டாள். அன்றைக்கு ராத்திரி ரயில் அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு நாங்களே ஒரு கணக்குப் போட்டோம்.

ஒரு வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர். அரியலூர் ரயில் நிலையத்தில் இன்றைய தேதியில் நிற்கிறோம். வண்டி எழும்பூரை நோக்கிப் போகப் போக, காலம் பின்னால் போகிறது. அவள் வயது 12 மில்லிமீட்டர், சுண்டுவிரல் அகலம். தஞ்சைப் பெரிய கோயில் ஒரு மீட்டர். மனித இனம் தோன்றி 3 லட்சம் ஆண்டு என்றால் 300 மீட்டர். நாம் இன்னும் பிளாட்ஃபாரத்தை விட்டே இறங்கவில்லை. டைனோசரை முடித்த விண்கல் விழுந்தது 66-வது கிலோமீட்டரில், விருத்தாசலம் தாண்டிக் கொஞ்ச தூரம். ட்ரையாசிக் காலத்தின் முடிவில் அட்லாண்டிக் கடல் பிளக்க ஆரம்பித்தபோது நடந்த அழிவு, மதுராந்தகத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே. சைபீரியா வெடித்த பெருஞ்சாவு தாம்பரம் தாண்டி, எழும்பூருக்குக் கொஞ்சம் முன்னால். மற்ற இரண்டும் ஆந்திராவில். டெவோனியன் காலத்து அழிவு சூலூர்ப்பேட்டை தாண்டி, முதலாவதான ஆர்டோவிசியன் காலத்து அழிவு நெல்லூரைத் தாண்டி. பூமி பிறந்த இடத்துக்குப் போக 4,500 கிலோமீட்டர் வேண்டும். காஷ்மீர் போனாலும் தண்டவாளம் பற்றாது.

அதற்குப் பிறகு அவள் ஒரு தடவைகூடக் குழம்பவில்லை. "தாம்பரம் பன்னி", "விருத்தாசலம் டைனோசர்" என்றுதான் இப்போது வீட்டில் பேச்சு. கோடிக்கணக்கில் டாலர் போட்டு எடுத்தவர்கள் இப்படி ஒரு அளவுகோலை ஒவ்வொரு பாகத்துக்கும் மூலையில் ஒட்டியிருந்தால் என்ன?

ஆர்டோவிசியன் என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டாம் பாகத்தில் கேமரோசெராஸ் என்று ஒன்று வரும். நீளக் கூம்பு ஓட்டுக்குள் கணவாய் மாதிரி ஒரு பிராணி, அடியில் மேயும் சிறு மீன்களைத் தேடி வருகிறது. சத்தமே இல்லாமல் அந்தக் கூம்பு திரையின் ஒரு ஓரத்தில் நுழைந்து, நுழைந்துகொண்டே இருக்கும். முரசு கொட்டாத ஒரு சில இடங்களில் அது ஒன்று. அது எங்கள் வாசல் நத்தைக்கல்லுக்குத் தூரத்துச் சொந்தம். நத்தை என்று நாங்கள் சொல்வது தப்பு, அம்மோனைட்டும் கணவாய் ஜாதிதான், ஓட்டைச் சுருட்டிக்கொண்டது, அவ்வளவே. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் எடுத்துவந்து பெருமாளாக வைத்துப் பூஜை செய்கிறார்களே சாளக்கிராமம், அதுவும் அம்மோனைட்தான். இதைச் சொன்னபோது அம்மா என்னை முறைத்தாள். மறுநாள் காலையில் கதவுக்கு முட்டாக ஒரு செங்கல் இருந்தது. கல் திண்ணைக்கு ஏறியிருந்தது, மேலே ஒரு செம்பருத்தி.

விண்கல் விழும் இடத்தில் எங்களுக்கு இணையம் போய்விட்டது. வெள்ளை வெளிச்சம், எட்மண்டோசாரஸ் என்ற டைனோசர் தலையைத் தூக்குகிறது, அப்படியே உறைந்து நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. இணைப்புக் கொடுத்தவருக்குப் போன் போட்டால் "மழைண்ணே, காலைல பாத்துக்கலாம்" என்றார். 6.6 கோடி வருஷம் காத்திருந்த கல், இன்னும் ஒரு ராத்திரி வானத்திலேயே நின்றது. மறுநாள் பார்த்தோம். அழகாகத்தான் எடுத்திருக்கிறார்கள், ஆனால் வெடிப்பைவிட அதற்குப் பிந்தைய இருட்டில்தான் எனக்கு ஆர்வம். மெக்சிகோவின் யுகட்டான் கரையில் கல் விழுந்த கடலடியில் சுண்ணாம்போடு ஜிப்சமும் இருந்தது. காரை மண்ணில் வெள்ளை நரம்பாக ஓடுமே, அதே ஜிப்சம். அதற்குள் கந்தகம். அது ஆவியாகி மேலே போய்ச் சூரியனை மறைத்தது. சூடு கொன்றது பாதி, இருட்டும் குளிரும் கொன்றது மீதி. அந்தச் சமயத்தில் நம் தக்காணத்திலும் எரிமலைக் குழம்பு வழிந்துகொண்டிருந்தது. மகாராஷ்டிரத்தின் கறுப்புப் பாறை மலைகள் அப்படி வந்தவைதான்.

இந்தத் தக்காணத்தைப் பார்க்க வேண்டுமானால் வேறு தொடருக்குப் போக வேண்டும். ஆப்பிள் டிவியில் 2022-ல் வந்த 'ப்ரீஹிஸ்டாரிக் பிளானட்', டேவிட் அட்டன்பரோ குரல். அதன் இரண்டாவது வருஷத்தில் இசிசாரஸ் என்ற நெட்டைக்கழுத்து டைனோசர்கள் தக்காணத்து எரிமலை நிலத்தைக் கடந்து முட்டையிடப் போகும் காட்சி ஒன்று உண்டு. மைத்துனன் வீட்டில் பார்த்தேன். மிருகங்களின் நடத்தையை, ஒரு சண்டைகூட இல்லாமல் பத்து நிமிஷம் பார்க்கவைக்கும் பொறுமை அதற்கு இருக்கிறது. அட்டன்பரோ பேசும் இரண்டு வருஷமும் டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியோடு நின்றுவிடுவதால் அழிவுகளின் முழுக்கதை அதில் கிடைக்காது. 1999-ல் பிபிசி எடுத்த 'வாக்கிங் வித் டைனோசர்ஸ்' படத்தரத்தில் இன்றைக்குக் கொஞ்சம் பொம்மை மாதிரி தெரியும், ஆனால் கடைசிப் பாகத்தில் தாயை இழந்த இரண்டு குட்டிகளை வைத்தே விண்கல்லைச் சொன்ன விதம் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. மூன்றில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால், குழந்தைக்கு அட்டன்பரோ. ஐந்து அழிவும் ஒரே மூச்சில் வேண்டும் என்றால் இது.

பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை. முதல் பாகத்தைக் கடைசியாகப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரு கை அள்ளி வைத்த டிரெய்லர் மாதிரி இருக்கிறது, புதிதாகப் பார்ப்பவருக்குக் குழப்பமே மிச்சம். இரண்டிலிருந்து தொடங்கினால் கதை வரிசையாக வரும். ஏழு, எட்டு பாகங்கள் பாலூட்டிகளும் பனிக்காலமும், மாமூத் யானை வந்தும் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது உண்மை. பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளோடு ராத்திரியில் வேண்டாம்.

லீவு நாளில் மகளைப் பெரம்பலூர் பக்கத்துச் சாத்தனூர் கல்மரத்துக்குக் கூட்டிப் போனேன். 12 கோடி வருஷத்து மரம், 18 மீட்டர் நீளம், கம்பிவேலிக்குள் படுத்திருக்கிறது. இதற்கு முன் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது பத்து நிமிஷத்தில் சலித்துப்போனவள், இந்தத் தடவை வேலியைச் சுற்றி ஒரு நடை போய்வந்து, "இது விழுப்புரம் தாண்டி" என்றாள். கணக்குப் பார்த்தால் சரியாகத்தான் வந்தது.

சந்தாவை இந்த மாதம் நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். அம்மா விடவில்லை. சீரியல் முடிந்து, மாத்திரை போட்டுக்கொண்டு, நாற்காலியை டிவிக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்கிறாள்.

"அந்தப் பன்னி வர்றதைப் போடுறா."